எஃப்7, எஃப்8

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மகள் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அத்தனை சந்தோஷம். ஆனால் ஐடிஇ (நிரல் எழுத, ஓட்ட, பிழை தேட எல்லாம் ஒன்றாக உள்ள மென்பொருள்) பழகினால் மூளை மழுங்கிவிடும், அவளை வெறும் எழுத்து எடிட்டரான விம்மிலேயே பழக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனதில் நிற்கிறது.

நாம் எதில் கற்றுக்கொண்டோம், நினைத்துப் பார். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், நீலத் திரையில் டர்போ சி. கன்ட்ரோல் எஃப்9 தட்டினால் ஓடும், ஆல்ட் எஃப்5 தட்டினால் விடை தெரியும். நிரல் எழுத எடிட்டர், அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவில் மாற்றக் கம்பைலர், பிழை தேட டீபக்கர், மூன்றும் ஒரே இடத்தில். அதுவும் ஐடிஇதான், நமக்குப் பெயர் தெரியாது, அவ்வளவே. பிறகு எக்லிப்ஸ் என்ற ஐடிஇயில் பல வருடம், நிரலை வரி வரியாக ஓட்டிப் பார்க்க எஃப்5, எஃப்6 என்று விரலை மாற்றிப் பழகினேன். அப்புறம் இன்டெல்லிஜே என்ற இன்னொரு ஐடிஇக்கு வந்தால், ஒரு வரி கூப்பிடும் மெத்தடுக்கு (பெயரிட்ட நிரல் துண்டு) உள்ளே போக எஃப்7, அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக எஃப்8. டர்போ சியில் இருந்த அதே சாவிகள்! அன்று லேபில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் நிரல் போட்ட சுமார் 40,000 பில்லில் மூன்றில் மட்டும் ஒரு பைசா இடித்தது. முன்பு என்றால் வரிக்கு வரி பிரின்ட் போட்டு லாக்கைத் துழாவியிருப்பேன். இந்தமுறை பிரேக்பாயின்டில், அதாவது ஓடும் நிரலை நடுவில் நிறுத்த வைக்கும் குறியில், ஒரு நிபந்தனை கொடுத்தேன்: பில் எண் இதுவானால் மட்டும் நில். மற்ற எல்லாவற்றையும் கடந்துபோய் அந்த ஒன்றில் வந்து நின்றது. எஃப்7-இல் ஒவ்வொரு படியாக இறங்கினால், நடுவில் ஒரு மெத்தடில் பிக்டெசிமலாக (தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் வகை) வந்த தொகையை யாரோ டபுளாக (தோராயமாக வைக்கும் வகை) மாற்றியிருந்தார்கள். 0.1-ஐக்கூட டபுளால் சரியாக வைத்துக்கொள்ள முடியாது என்று நாம் படித்ததுதானே. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

திருத்துவதற்கு முன் அந்த மெத்தடை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதே பெயரில் நிரலின் வேறு வகுப்புகளிலும் (கிளாஸ்) மெத்தட் உண்டு. நீ நம்பும் கிரெப், எழுத்தைத் தேடும் கட்டளைதானே, கமென்டில் இருப்பது உட்பட எல்லாவற்றையும் கொட்டும். ஐடிஇக்கு நிரல் வெறும் எழுத்து இல்லை. கம்பைலர் பார்ப்பதுபோல மரமாகப் பிரித்து வைத்திருப்பதால் எது எந்த வகுப்பினுடையது என்று அதற்குத் தெரியும். பெயர் மாற்றினாலும் உரிய இடத்தில் மட்டும் மாறும்.

நீ சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. புதிதாக வருகிற சில பிள்ளைகளுக்குப் பச்சை முக்கோணத்தை அழுத்தத் தெரியும், அடியில் நிரலைக் கட்டிச் சேர்க்கும் மேவன் என்ன செய்கிறது என்று தெரியாது. அதனால் முதல் வாரம் அவர்களை டெர்மினலிலேயே பில்ட் செய்யச் சொல்கிறேன். ஐடிஇ நிரல் முழுவதையும் படித்து இன்டெக்ஸ் போடும்போது 8 ஜிபி லேப்டாப் திணறுவதும் உண்மை.

சரி, விம்மை விட மனமில்லை என்றால் விடாதே. 2016-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் இருக்கிறதே, அதன்வழியாக உன் விம்மிலேயே இந்தத் தேடலும் பெயர் மாற்றமும் கிடைக்கும். எடிட்டரும் மொழியை அறிந்த சர்வர் நிரலும் பேசிக்கொள்ளும் முறை அது. ஒரு மொழிக்கு ஒரு சர்வர் எழுதினால் போதும், அந்த முறை தெரிந்த எந்த எடிட்டரும் அதோடு பேசலாம்.

ஆனால் மகளுக்கு மட்டும் பிரேக்பாயின்ட் வைக்க இப்போதே சொல்லிக்கொடு. பைதானில் சின்னதாக ஒரு லூப் எழுதி, எஃப்8 தட்டத் தட்ட மதிப்பு மாறுவதை அவள் கண்ணால் பார்க்கட்டும். பொங்கலுக்கு வரும்போது அவள் லேப்டாப்பையும் எடுத்து வா. மூன்று பேரும் உட்காரலாம்.

உன் பழைய லேப் கூட்டாளி