ஒரே திடலில் ஆடிய கிளப்புகளுக்கு ஒரே ஏடு வேண்டும்

மதிப்பிற்குரிய சிலாங்கூர், கோலாலம்பூர் காற்பந்துச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், இவ்விரு வட்டாரங்களிலும் இன்றும் லீக் ஆடிவரும் பழைய கிளப்புகளின் செயலவையினருக்கும், வணக்கம்.

நான் செந்தூலில் பிறந்து வளர்ந்தவன். என் தந்தையார் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். மாலையில் பட்டறைக் குழுவுக்கு இடப்புறம் ஆடியவர். அவர் காலமான பிறகு, அலமாரியின் அடித்தட்டில் நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு ஒன்று கிடைத்தது. அதில் தேதி, எதிரணி, கோல் கணக்கு என்று மூன்று பத்தி பிரித்து, தாம் ஆடிய லீக் ஆட்டங்களைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். சில வரிகளின் ஓரத்தில் ‘மழை, ஆட்டம் நின்றது’ என்று குறிப்பு இருக்கிறது. ஒரு பக்கத்தில் ஆட்டத்தோடு சம்பந்தமில்லாமல் ‘பூட்ஸ் பாக்கி 4 வெள்ளி’ என்று இருக்கிறது. அந்த நோட்டில் உள்ள ஆட்டங்களை வேறு எந்த ஏட்டிலாவது ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று தேடத் தொடங்கியதுதான் இம்மடலை எழுத வைத்தது.

தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. சிலாங்கூர், கோலாலம்பூர் அமெச்சூர் லீக்கிலும் அதன் கீழ்ப் பிரிவுகளிலும் ஆடிய எல்லாக் கிளப்புகளின் வரலாற்றையும், இரு சங்கங்களும் சேர்ந்து, பொதுமக்கள் யாரும் புரட்டிப் பார்க்கக்கூடிய ஒரே ஏடாகத் தொகுத்துத் தர வேண்டும்.

இரு சங்கங்களும் சேர்ந்து என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1905ஆம் ஆண்டிலேயே சிலாங்கூரில் அமெச்சூர் காற்பந்து லீக் தொடங்கிவிட்டது. எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் அதிகாரிகள் வழங்கிய கிண்ணத்துக்கான முதல் இறுதியாட்டம், 1921இல், சிலாங்கூர் கிளப் திடலில், அதாவது இன்று நாம் மெர்டேக்கா சதுக்கம் என்று அழைக்கும் இடத்தில் நடந்தது. அன்று சிங்கப்பூர் 2-1 என்ற கோல் கணக்கில் சிலாங்கூரை வென்றது. 1936இல் சிலாங்கூர் காற்பந்துச் சங்கம் உருவாயிற்று. 1974 பிப்ரவரி 1ஆம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிக்கப்பட்டு, பின்னர் தனிச் சங்கமும் தனிக் குழுவும் கண்டு, 1987, 1988, 1989 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மலேசியக் கிண்ணத்தை வென்றது. ஆனால் அந்தப் பிரிவினைக்கு முன்பு செந்தூலும் பிரிக்பீல்ட்ஸும் கம்போங் பாருவும் கிள்ளானும் ஒரே லீக்கில் மோதிக்கொண்ட இடங்கள். எல்லைக்கோட்டை வைத்து அந்த வரலாற்றை இரண்டாக அறுத்தால், ஒரு குழுவின் பெயர் ஓர் ஏட்டிலும், அதை எதிர்த்து ஆடிய குழுவின் பெயர் இன்னோர் ஏட்டிலும் கிடக்கும். ஆட்டம் மட்டும் எதிலும் இருக்காது.

மாநிலக் குழுவின் வெற்றிகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 1967இல் ஆசிய கிளப்புகளுக்கான போட்டியில் சிலாங்கூர் இறுதியாட்டம் வரை சென்றதையும், மூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரனையும், நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயரெடுத்து 1988இல் கார் விபத்தில் நம்மைவிட்டுப் போன கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தையும், சிலாங்கூருக்கு ஆடி, பிறகு பயிற்றுநராக 2010இல் தேசியக் குழுவைத் தென்கிழக்காசிய வெற்றியாளராக்கிய கே. ராஜகோபாலையும் யாரும் மறக்கப்போவதில்லை. அவர்களைப் போன்ற ஆட்டக்காரர்களை மேலே அனுப்பிய அடித்தளம்தான் மறைந்துகொண்டிருக்கிறது.

அந்த அடித்தளம் எப்படி இயங்கியது என்பதை இன்றைய இளைஞர்கள் அறிய மாட்டார்கள். ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது, வேலைக்குத்தான் சம்பளம். ரயில்வே, பொதுப்பணி, மின்வாரியம், போலீஸ், வங்கி என்று வேலையிடங்களே கிளப்புகளாக இருந்தன. நன்றாகப் பந்தாடுகிற பையனுக்கு அதை வைத்தே வேலை கிடைத்த காலம் அது. மாலை சங்கு ஊதியதும் எண்ணெய்க் கறையோடு திடலுக்கு ஓடி, வெளிச்சம் மங்குவதற்குள் ஆடி முடிப்பார்கள். சிலாங்கூர் மாநில வளர்ச்சிக் கழகத்தின் குழுவான பி.கே.என்.எஸ். அப்படி வேலையிடத்தில் 1967இல் தொடங்கி, 2012இல் நாட்டின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக் வரை ஏறி, 2020இல் சிலாங்கூரின் இரண்டாம் குழுவாக மாறியது. இனம், ஊர் சார்ந்த கிளப்புகள் இன்னொரு புறம் இருந்தன. ராஜா மூடா சாலையில் தமிழர்கள் நிறுவிய டி.பி.சி.ஏ. என்ற உடற்பயிற்சிச் சங்கம், கம்போங் பாருவின் சுல்தான் சுலைமான் கிளப், சீனர் பொழுதுபோக்குக் கிளப் ஆகியவை வாராவாரம் ஒன்றையொன்று எதிர்த்து ஆடி, ஆட்டம் முடிந்ததும் ஒரே கடையில் தேநீர் குடித்ததை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் நாட்டில் இனங்கள் பழகிய விதத்தை எழுத விரும்புகிறவர்களுக்கு இந்த லீக் அட்டவணைகளைவிட நல்ல சான்று கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்த அட்டவணைகளைத் தேடி நான் போய்ச் சேர்ந்த இடம் சிங்கப்பூர். அந்நாட்டுத் தேசிய நூலக வாரியம் பழைய ஆங்கில நாளிதழ்களையும் தமிழ் முரசையும் கணினியில் ஏற்றி, எவரும் வீட்டிலிருந்தே தேடிப் படிக்கும்படி வைத்திருக்கிறது. கோலாலம்பூர் லீக் ஆட்டத்தின் முடிவை நான் சிங்கப்பூர் நூலகத்தின் தயவில் படித்தேன். அவர்களுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அந்த வேலையை நம் வீட்டிலும் செய்ய வேண்டும் என்று மனம் வருந்துகிறது. 1924இல் தொடங்கிய நம் தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. அதன் விளையாட்டுப் பக்கங்களையும் யாராவது அமர்ந்து வாசித்துக் குறிப்பெடுக்க வேண்டும்.

ஆங்கில நாளிதழை மட்டும் நம்பினால் இன்னொரு சங்கடமும் வரும். கிருஷ்ணசாமி என்ற ஓர் ஆட்டக்காரர் ஒரு வாரம் கிஸ்னசாமி, மறுவாரம் கிட்ணசாமி, அதற்கடுத்த வாரம் வெறும் சாமி என்று அச்சாவார். தலைப்பெழுத்து ஒரு நாள் முன்னால் வரும், ஒரு நாள் வராமலே போகும். ஒருவர் மூவராகவும், மூவர் ஒருவராகவும் ஆகிவிடுகிறார்கள். ஆகவே தொகுக்கப்படும் ஏட்டில் தமிழ் ஆட்டக்காரர்களின் பெயர் தமிழ் எழுத்திலும், சீனர்களின் பெயர் சீன எழுத்திலும் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தாமதம் செய்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பழைய கிளப் இடம் மாறியபோது, கூட்டக் குறிப்பேடுகளும் ஆட்டக்காரர் பதிவு அட்டைகளும் இரண்டு கோணியில் கட்டப்பட்டுப் பழைய பேப்பர்காரரின் லாரியில் ஏறின. நான் போய்ச் சேர்ந்தபோது படிக்கட்டில் ஓர் அட்டை மட்டும் விழுந்து கிடந்தது. தபால்தலை அளவுப் படம், கையெழுத்து, ஊதா மை முத்திரை. படத்தில் இருந்தவருக்கு இருபது வயதுக்கு மேல் இராது.

தோட்டக் குழுக்களின் கதை இதைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமைகளில் லாரியேறி ஊர் ஊராகப் போய் ஆடிய அந்தக் குழுக்களுக்கு அலுவலகம் இருந்ததில்லை. பதிவேடு கங்காணியின் வீட்டிலோ கிராணி எனும் தோட்ட எழுத்தரின் மேசையிலோ இருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், வீடமைப்புக்குப் போனபோதும் அதுவும் சேர்ந்து போயிற்று. 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் போட்டிக்காகத் தேசிய விளையாட்டரங்கம் எழுந்த புக்கிட் ஜாலில் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அங்கே மாலைகளில் பந்தாடியவர்களின் பெயர்கள் அந்த அரங்கத்தின் சுவரில் ஒரு பலகையிலாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பழையது என்பதால்தான் இவை தொலைகின்றன என்றும் சொல்ல முடியாது. இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் ஆதரவில் வளர்ந்து, மிஃபா என்ற பெயரில் 2017இல் அப்போதைய இரண்டாம் நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் ஆடி, 2019இல் பி.ஜே. (பெட்டாலிங் ஜெயா) சிட்டி என்று சூப்பர் லீக்கில் நுழைந்த குழு, 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு லீக்கை விட்டு விலகியது. அந்தக் குழுவின் ஆவணங்களை இன்றே கேட்டு வாங்கினால் முழுமையாகக் கிடைக்கும்.

இதற்குப் பெரிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. ஒரு ஸ்கேனரும், இரண்டு மூன்று கல்லூரி மாணவர்களும், மாதம் ஒரு சனிக்கிழமை செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ திறந்திருக்கும் ஓர் அறையும் போதும். மக்கள் கொண்டுவரும் படத்தையும் ஏட்டையும் அவர்கள் கண்ணெதிரிலேயே படியெடுத்து, மூலத்தை உடனே கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் தர மாட்டார்கள். கடைசி இடத்தில் முடித்த குழுவும், மூன்றாம் பிரிவிலேயே ஆடி மறைந்த குழுவும், வெற்றியாளருக்குச் சமமாக அந்த ஏட்டில் இடம்பெற வேண்டும்.

முதியவர்களிடம் பேசும் வேலையை மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ள வேண்டாம். என் தந்தையாரின் குழுப் படத்தில் பதினோரு ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். நடுவில் பந்து, பந்தின் மேல் சுண்ணக்கட்டியால் எழுதிய ஆண்டு. பின்புறம் எட்டுப் பேரின் பெயரே எழுதியிருக்கிறது. எண்பது கடந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். மீதி மூவரில் ஒருவரின் முகத்தின் மேல் விரலை வைத்து, வெகுநேரம் யோசித்து, பட்டப்பெயரைச் சொன்னார். சொந்தப் பெயரை அடுத்த முறை வரும்போது சொல்கிறேன் என்றார். அடுத்த முறை நான் போனது அவருடைய இறுதிச் சடங்குக்கு.

தாங்கள் ஒரு நாளைக் குறித்தால், அந்த நோட்டையும் படத்தையும் பதிவு அட்டையையும் நானே நேரில் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
செந்தூல் ரயில்வே பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகன்,
கோலாலம்பூர்.