தலைக்கு 75 ரூபாயா, 1,500 ரூபாயா?

ஆசிரியருக்கு,

டெல்டா விவசாயிகளுக்குக் குரல் அழைப்பு, வாட்ஸ்அப், செயலி என்று தகவல் அனுப்பும் தொண்டு நிறுவனங்கள், 'இத்தனை ஆயிரம் பேருக்குச் சேர்த்தோம்' என்று ஆண்டறிக்கையில் போடுகின்றன. நன்கொடையாளரும் செலவை அந்த எண்ணால் வகுத்துப் பார்த்துத் திருப்தி அடைகிறார். வகுக்க வேண்டிய எண் அது அல்ல.

மாதிரிக்கு ஒரு கணக்கு. சம்பாப் பட்டத்தில் 4,000 பேருக்கு, நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையைப் (நெல் இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க எண்ணிட்ட பச்சைப் பட்டைகள் உள்ள அட்டை) பார்த்து, தேவையானால் மட்டும் யூரியா போடச் சொல்லி அழைப்பு போகிறது. மென்பொருள், அழைப்புக் கட்டணம், பயிற்சி, களப்பணியாளரின் பாதிச் சம்பளம் சேர்த்து 3 லட்சம். தலைக்கு 75 ரூபாய்தான். ஆனால் கடைசிவரை கேட்டவர்கள் 2,000 பேர், அட்டையை வயலுக்கு எடுத்துப் போனவர்கள் 400 பேர் என்று வையுங்கள். அழைப்பே போகாத பக்கத்து ஊரிலும் சிலர் அட்டை பார்ப்பார்கள். அதுபோல அழைப்பு இல்லாமலே பார்த்திருக்கக்கூடியவர்கள் இந்த 400 பேரில் பாதி என்று கழித்தால் மிச்சம் 200. ஆளுக்கு 1,500 ரூபாய். ஒரு 45 கிலோ மூட்டை யூரியா மிச்சமானால் விவசாயிக்கு 266 ரூபாய் 50 காசு. பூச்சிமருந்துச் செலவு குறைவதையும் சேர்க்கலாம், அளந்து பார்த்திருந்தால்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. பட்டியலில் ஒவ்வொரு 40ஆவது எண்ணையும் எடுத்தால் 100 பேர். அழைப்பு போன பத்து நாளுக்குள் அவர்களைக் கூப்பிட வேண்டும், அதுவும் அவர்களைத் திட்டத்தில் சேர்த்த பணியாளர் அல்லாத ஒருவர். 'தகவல் பயன்பட்டதா?' என்று கேட்டால் மரியாதைக்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'ஒரு மா நிலத்துக்கு எத்தனை கிலோ யூரியா போட்டீர்கள்? அட்டையில் எந்த எண்ணுக்குக் கீழே போனால் போடுவீர்கள்?' என்று கேளுங்கள். சரியான பதில்: வெள்ளைப் பொன்னி நெல்லுக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. தடுமாறினால் அட்டை பரணில் கிடக்கிறது என்று அர்த்தம். அழைப்பு போகாத ஊரிலும் இதே கேள்விகளைக் கேட்காவிட்டால் கழிக்க வேண்டிய எண் கிடைக்காது.

பெரும்பாலும் கோளாறு பட்டியலிலேயே இருக்கும். பட்டாதாரர் பெயரில் எண் வாங்கியிருப்பார்கள். சாகுபடி செய்பவர் குத்தகைக்காரர். அல்லது அது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடைய எண். காலை பத்து மணிக்கு அழைப்பு போனால் வயலில் வேலை நடக்கும், யார் எடுப்பது? எடுத்து மூன்று நொடியில் வைத்ததையும் நிறுவனத்தின் கணினி 'பதில் கிடைத்தது' என்றே எழுதும். முழு அழைப்பில் முக்கால் பங்காவது கேட்டதை மட்டும் எண்ண வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் மென்பொருள் செலவு குறையும். பட்டியலைத் திருத்த ஆள் சம்பளம் கூடும். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பின் வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால், அந்தச் சம்பளத்தைக் காட்டவே சிலர் தயங்குகிறார்கள். நிதி கேட்கும் விண்ணப்பத்திலேயே அதைத் தனி வரியாக எழுதிவிடலாம்.

— ஒரு வாசகர், மன்னார்குடி