குளித்தலை சாரைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, கேட்டால் இல்லை என்பாள். மாப்பிள்ளையையும் சின்னவனையும் கேட்டதாகச் சொல்.

போன வாரம் போனில் நீ சலித்துக்கொண்டது மனசிலேயே நிற்கிறது. உங்கள் கல்லூரியில் ஆன்லைன் டிகிரி தொடங்கப்போகிறார்கள், அதற்குப் பாடம் எழுதும் வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றாய். "காலேஜுக்கு வர முடியாதவங்கதான் இதுல சேருவாங்க, கேமராவை அணைச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க, யாருக்குன்னு நடத்துறது" என்று கேட்டாய். அப்போதே பதில் சொல்லியிருந்தால் அது சண்டையில் முடிந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

காலேஜுக்கு வர முடியாதவர்களில் உங்கப்பனும் ஒருத்தன், கண்ணு. நான் பி.ஏ. படித்தவன் என்று உனக்குத் தெரியும். எப்படிப் படித்தேன் என்று நீ கேட்டதில்லை, நானும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. குளித்தலை சாரும் உனக்குத் தீபாவளிக்குத் தீபாவளி போய்ப் பார்க்கிற வயசான வாத்தியார், அவ்வளவுதான். அவர் யார் என்று நான் சொல்லாமல் விட்டால் வேறு யாரும் உனக்குச் சொல்லப்போவதில்லை.

1992-இல் எனக்குக் கரூர் – திருச்சி லைனில் டூட்டி. பிளஸ் டூவில் இரண்டு பேப்பர் நின்றுபோய், வீட்டு நிலைமையால் அப்படியே விட்டுவிட்டுக் கண்டக்டர் லைசென்ஸ் எடுத்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலை டிரிப்பில் குளித்தலையில் ஒருத்தர் ஏறுவார். கையில் ஒரு துணிப்பை, பை நிறையக் காகிதம். கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பென்சிலால் எதையோ எழுதிக்கொண்டே வருவார். சாயந்திரம் அதே பை, அதே சீட்டு. என்ன சார் இது என்று ஒருநாள் கேட்டேன். "என் பசங்க எழுதின பதில்கள். பசங்கன்னா உன் வயசு, சிலது என் வயசு" என்றார். அடுத்த கேள்வி அவருடையது: "நீ என்ன படிச்சிருக்கே?" சொன்னேன். "ரெண்டு பேப்பர்தானே? அதை முதல்ல எழுதித் தள்ளு. அப்புறம் பேசுவோம்."

அவர் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். வார விடுமுறையில் திருச்சியில் இருந்த இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மையத்துக்குப் பாடம் சொல்லப் போய்க்கொண்டிருந்தார். அவரே ஆரம்பத்தில் தொடக்கப்பள்ளி வாத்தியார். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியதும் அதில் சேர்ந்து பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கி மேலே வந்தவர். சக ஆசிரியர்கள் "தபால் டிகிரி" என்று சிரித்ததெல்லாம் அவருக்குப் பாடமாகவே தெரியும்.

சார் பாடம் சொல்லப் போன அந்த இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. 18 வயது ஆகியிருந்தால் போதும், ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு நேராக பி.ஏ.வில் சேரலாம். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சார் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அந்தக் கதவு வேணும், அது திறந்துதான் இருக்கணும். ஆனா நாளைக்கு இங்க வேலைன்னு போனா பத்து, பன்னெண்டு, அப்புறம் டிகிரின்னு வரிசையாக் கேட்பான். உனக்கு ரெண்டு பேப்பர்தான் குறை. பிரைவேட்டா எழுது." தான் நம்புகிற ஒன்றுக்கு ஆள் சேர்க்கிறவர், வந்த ஆளை அப்படித் தடுத்து நிறுத்துவாரா? எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். பின்னாளில் வரிசை மாறிப் பட்டம் வாங்கியவர்கள் நம்ம மாநிலத்தில் எப்படி அலைந்தார்கள் என்பது உனக்கே தெரியும்.

தனித்தேர்வராக எழுதி முடித்து, பி.ஏ. பொது நிர்வாகத்தில் சேர்ந்தேன். பார்சல் வந்தது. பாடப்புத்தகம் என்றால் தடியாக ஒன்று என்று நினைத்திருந்தேன். வந்தவை மெல்லிய புத்தகங்கள், 'பிளாக்' என்பார்கள். பக்கத்தின் ஓரத்தில் குறிப்பெழுத இடம் விட்டிருந்தது. சில பக்கங்களுக்கு ஒருமுறை கட்டம் கட்டி, இதுவரை படித்தது புரிந்ததா, இங்கே எழுதிப் பார் என்று கேள்வி. விடை கடைசியில். எல்லாம் இங்கிலீஷ். முதல் வாரம் அகராதியும் கையுமாக இருந்தேன், முழுசாக நாலு பக்கம் நகரவில்லை.

டிக்கெட் கணக்கு எழுதுகிற என் வேபில் அட்டையின் பின்பக்கத்தில் சார் ஒரு கணக்குப் போட்டார். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. 8 கிரெடிட் பாடத்துக்கு 240 மணி. படிப்பது, எழுதுவது, வகுப்புக்கு வருவது எல்லாம் இதில் அடக்கம். "உனக்கு நைட் ஹால்ட் என்னைக்கு? டிப்போவுல வண்டிக்குக் காத்திருக்கிற நேரம் எவ்வளவு?" என்று கேட்டுக் கேட்டு, என் வாரத்துக்குள் எனக்கே தெரியாமல் கிடந்த மணி நேரங்களை வெளியே எடுத்தார். மூன்று வருஷப் படிப்பை ஆறு வருஷம் வரைக்கும் நீட்டிக்கலாம், பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும் வரும், லீவு கிடைக்கிற பக்கம் எழுது என்றார். நான் கடைசி வரைக்கும் நீட்டித்தேன். வைகாசி முகூர்த்தக் கூட்டம், கார்த்திகையில் சபரிமலைக் கூட்டம், இரண்டுக்கும் நடுவே எனக்கு லீவு கொடுக்க எந்த மேனேஜருக்கு மனசு வரும்?

என்னால் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போக முடியாது. அந்த வகுப்புக்கு சாரை ஏற்றிக்கொண்டு போகிறவனே நான்தானே! அதனால் எனக்கு வகுப்பு கடைசி சீட்டில். லாலாபேட்டை, மகாதானபுரத்துப் பக்கம் ஏறுகிற வெற்றிலைக் கூடைக்கும் வாழைத்தாருக்கும் லக்கேஜ் போட்டுவிட்டு, குளித்தலையில் ஏறினவர்களுக்கும் டிக்கெட் கொடுத்து முடித்து, பெட்டவாய்த்தலை தாண்டினால் கொஞ்ச நேரம் கிடைக்கும். அதற்குள் ஒரு கேள்வி, ஒரு திருத்தம். ஒருநாள் வெற்றிலைக்காரப் பாட்டி ஒருத்தி, "ஏஞ்சாமி, அந்தப் பெரியவரு டிக்கெட் எடுக்க மாட்டேங்குறாரா, இம்புட்டு நேரமாப் பேசிக்கிட்டிருக்கே" என்று கேட்டாள். அவர் ஒருநாளும் டிக்கெட் எடுக்காமல் வந்ததில்லை. சில்லறையை எண்ணிக் கையிலேயே வைத்திருப்பார்.

பஞ்சாயத்து ராஜ் பற்றி நான் எழுதின ஒரு பதில் இன்னும் பீரோவில் இருக்கிறது, வரும்போது காட்டுகிறேன். மூன்றடுக்கு அமைப்பு, 73-ஆவது திருத்தம் என்று பிளாக்கில் இருந்தவற்றையெல்லாம் வரிசையாக இறக்கியிருந்தேன். ஓரத்தில் சார் பென்சிலால் எழுதியிருப்பார்: "சரி. உங்க ஊரில் கடைசியா எப்போ ஓட்டுப் போட்டீங்க? பஞ்சாயத்து ஆபீஸ் சாவி யாரிடம் இருக்கு?" அன்றைக்கு அது எனக்குப் புரியவே இல்லை, பரீட்சையில் இதையா கேட்பார்கள்? ஆனாலும் ஊரில் விசாரித்தேன். 1986-இல் நடந்த தேர்தலோடு சரி, அதற்கப்புறம் இல்லை. அடுத்தது 1996-இல்தான் நடந்தது. டெல்லியில் சட்டம் திருத்துகிறார்கள், இங்கே பஞ்சாயத்துக்குத் தலைவரே கிடையாது. இதையும் சேர்த்துத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். மறுபடியும் பென்சில்: "இப்போதான் நீ எழுதினது."

மையத்துக்குப் போகிற விடைத்தாளில் முறைப்படி பேனாவால் திருத்துவார். நாங்கள் அவருக்கு எழுதிக் காட்டுகிற தாள்களில்தான் பென்சில். மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு, வீட்டில் எழுதி மையத்துக்குக் கொடுக்கிற இந்த ஒப்படைப்புகளுக்கு, மீதி பரீட்சைக்கு. பலருக்கு அந்த 30 சும்மா வருகிற மார்க். சாருக்கு அதுதான் வகுப்பறை. "முகம் தெரியாத பிள்ளைகிட்ட பேச எனக்கு இருக்கிற ஒரே இடம் அந்த ஓரம்தான்" என்பார். சர்க்கரை ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவர், ஆஸ்பத்திரி நர்ஸ், கல்யாணத்தோடு படிப்பை விட்ட பெண்கள் என்று அவரிடம் படித்த பலரை அவர் பரீட்சை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார். கையெழுத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார்.

இவருக்கு இந்தப் பித்து எங்கிருந்து வந்தது என்றால், வா.செ. குழந்தைசாமி. நம்ம கரூர்ப் பக்கம் வாங்கலாம்பாளையத்துக்காரர், 1929-இல் பிறந்தவர். கரக்பூர் ஐ.ஐ.டி.யிலும் அமெரிக்காவில் இல்லினாயிலும் படித்த நீரியல் நிபுணர், குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதையும் எழுதினார். மதுரைக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்துவிட்டு, 1990 முதல் 1994 வரை டெல்லியில் இந்தத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர். அதாவது, நான் சேர்ந்தபோது தலைமையில் இருந்தவர் நம்ம ஊர்க்காரர். பெரிய பெரிய பொறியியல் மாணவர்களை உருவாக்கிய ஒருத்தர், வகுப்புக்கே வராத கண்டக்டருக்கும் நர்ஸுக்கும் பல்கலைக்கழகம் நடத்தப் போகிறார் என்பதில் சாருக்கு அப்படி ஒரு பெருமை. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தபோதும் முதல் தலைவர் அவர்தான். நீ பழைய புத்தகம் தேடுவாயே தமிழ் இணையக் கல்விக்கழகம், அதுதான் இது. 2016 டிசம்பரில் அவர் தவறியபோது நான் குளித்தலைக்குப் போயிருந்தேன். சார் அன்றைக்கு அதிகம் பேசவில்லை.

நீ இருக்கிற ஹைதராபாத்துக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-இல் அங்கேதான் தொடங்கியது. இன்றைக்கு அம்பேத்கர் பெயரில் ஜூபிலி ஹில்ஸில் இருக்கிறதே, அது. அதன் முதல் துணைவேந்தர் ராம் ரெட்டியைத்தான் 1985-இல் டெல்லியில் நான் படித்த இந்தப் பல்கலைக்கழகத்துக்கும் முதல் துணைவேந்தராக அழைத்துக்கொண்டு போனார்கள். அவருக்கு அடுத்து வந்தவர் குழந்தைசாமி. அந்தப் பக்கம் போகும்போது ஒருமுறை உள்ளே போய்ப் பார்.

அஞ்சல்வழிக்கும் இவர்கள் கொண்டுவந்ததற்கும் என்ன வித்தியாசம் என்று சாரைக் கேட்டிருக்கிறேன். வகுப்பில் வாத்தியார் பேசுவதையே அச்சடித்து அனுப்பினால் அது பாடமாகாது என்றார். படிக்கிறவன் ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கிறான், சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்தில் ஆள் கிடையாது. அவனுக்கு எங்கே இடறும் என்று எழுதுகிறவன் முன்கூட்டியே யோசித்து, அந்த இடத்தில் நின்று கை கொடுக்க வேண்டும். நைட் ஹால்ட் ஊரில் கொசுவத்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குள் டோம் லைட் வெளிச்சத்தில் படித்தவன் சொல்கிறேன், அந்தக் கட்டம் கட்டின கேள்விகள் எனக்குத் துணைக்கு ஆள் இருப்பது மாதிரிதான் இருந்தன. உன் கேமரா கதைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அந்தப் பையன் எந்த டிப்போவில் உட்கார்ந்திருக்கிறானோ, யாருக்குத் தெரியும்?

டிகிரி வாங்கி என்ன கிழித்தாய் என்று கேட்டவர்கள் உண்டு. உண்மைதான், கண்டக்டராகவே ரிட்டயர் ஆனேன். ஊதிய ஒப்பந்தம் இங்கிலீஷில் வரும்போது டிப்போவில் எல்லோரும் என்னைச் சுற்றி உட்காருவார்கள், ஷரத்து ஷரத்தாகப் படித்து விளக்குவேன். அது ஒன்று. மற்றபடி எனக்குப் படிக்கப் பிடித்திருந்தது. பிடித்ததை முப்பது வயசுக்கு மேலும் படிக்கலாம், அதற்கு யாரிடமும் கூனிக் குறுக வேண்டாம் என்று ஒரு மனுஷன் என்னை நம்பவைத்தார். இதற்கு நான் அவருக்கு என்ன செய்ய முடியும்? தீபாவளிக்கு ஒரு வேட்டி எடுத்துக்கொண்டு போகிறேன், அதையும் பேரனுக்கு ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டிவிடுகிறார்.

சாருக்கு எண்பது தாண்டிவிட்டது. போன மாசம் கண்ணில் புரை எடுத்தார்கள், இப்போது நன்றாகத் தெரிகிறதாம், படிக்க எதுவும் இல்லை என்று புலம்புகிறார். நீ ஒன்று செய். உன் முதல் பாடத்தை எழுதி முடித்ததும் உங்கள் ஆட்களிடம் கொடுக்கும் முன்னால் பிரிண்ட் எடுத்துக் கூரியரில் எனக்கு அனுப்பு. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எழுத்துப் பெரிசாக இருக்கட்டும், ஓரத்தில் நிறைய இடம் விடு. திரும்பி வரும்போது பென்சில் கீறல் அதிகமாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே, என்னுடையதைவிட உன்னுடையதை இன்னும் கண்டிப்பாகப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் காலையில் பத்து மணிக்கு மேல் போன் போடு. இடது காது கேட்காது, கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும்.

அன்புடன்,
அப்பா