கோரிக்கை மனு: நீர்த்தேக்கக் கரையில் பாதுகாப்பான பகுதியைத் திறந்துவிட வேண்டி

பெறுநர்:
நகரை ஒட்டிய ஏரிகள், நீர்த்தேக்கங்களின் பராமரிப்புக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்கள்

அனுப்புநர்:
ஏரிக்கரைக்கு வந்து போகும் பொதுமக்கள் சார்பில்

பொருள்: பூட்டிக் கிடக்கும் நீர்த்தேக்கக் கரையின் பாதுகாப்பான பகுதியைத் திறக்கவும், மதகு, ஷட்டர் பகுதியை முறையாக மூடவும், நீர் நிலவரத்தை வாயிலிலேயே எழுதி வைக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நகரத்தை ஒட்டிய நீர்த்தேக்கத்துக்குப் பத்து வருடங்களுக்கு மேலாகப் போய் வருகிறேன். விடியற்காலையில் கரையில் நடப்பது, பிள்ளைகளுக்குப் பறவை காட்டுவது, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புவது, இவ்வளவுதான் எங்கள் பொழுதுபோக்கு. மலைக்கோ கடலுக்கோ போய் வர வசதியில்லாத குடும்பங்களுக்கு விடுமுறை நாளில் கண்ணாரத் தண்ணீர் பார்க்கக் கிடைக்கிற ஒரே இடம் இந்தக் கரை.

இரண்டு வருடங்களாக அதன் பிரதான வாயில் பூட்டிக் கிடக்கிறது. பாதுகாப்பு கருதிப் பூட்டியதாகச் சொன்னார்கள். அந்த அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பூட்டு போட்டதால் யாரும் வராமல் போய்விட்டார்களா என்பதைத் தாங்கள் நேரில் பார்க்க வேண்டும்.

வாயிலிலிருந்து இருநூறு அடி தள்ளி, முள்வேலியை ஆள் நுழைகிற அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகப் போகும் ஒற்றையடிப் பாதையில் புல் முளைக்கவே இல்லை, அவ்வளவு கால் பட்டிருக்கிறது. அந்தப் பாதை போய் இறங்குவது ஷட்டரை ஒட்டிய கல் படிக்கட்டில். போன மாதம் அங்கே ஒருவர், ஐந்து வயது இருக்கக்கூடிய தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் நின்று அவள் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். படி முழுக்கப் பாசி. அவருடைய ஒரு கால் வழுக்கியது. சட்டென்று உட்கார்ந்துவிட்டார், பிள்ளையின் கையை விடவில்லை. இருவரும் சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அன்றிரவு தூங்கவும் முடியவில்லை.

கரை அகலமாகவும் சரிவு குறைவாகவும் இருக்கிற பக்கத்தைப் பூட்டிவிட்டோம். இருப்பதிலேயே மோசமான இடத்துக்கு மட்டும் வழி திறந்து கிடக்கிறது. இந்த ஒன்றைச் சரிசெய்யத்தான் இந்த மனு.

தங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நீர்த்தேக்கம் இயற்கையான ஏரியைப் போல் நடந்துகொள்வதில்லை. முழங்கால் ஆழத்தில் நிற்கிறோம் என்று நினைக்கும்போதே அடுத்த எட்டில் தலை மூழ்கும் ஆழம் வந்துவிடலாம். நீர்மட்டம் இறங்கியபின் தெரிகிற வண்டல் மேலே காய்ந்து வெடித்துக் கிடக்கும், கால் வைத்தால் இடுப்பு வரை உள்ளே வாங்கிவிடும். மதகின் வாய்ப்பக்கம் மேலே அலைகூட இல்லாமல் இருக்கும், அடியில் இழுக்கும். உபரி நீர் வழியும் கலங்கலுக்குக் கீழே தண்ணீர் விழுந்து பின்னோக்கிச் சுருளும் இடத்தில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட வெளியே வர முடியாமல் போகும். இதற்கெல்லாம் மேல், இங்கே ஒரு துளி மழை இல்லாவிட்டாலும் மேல்பகுதியில் பெய்த மழைக்காக உபரி நீரைத் திறக்க வேண்டி வரும். கீழே பாறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

உலகம் முழுவதும் 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதே ஆண்டில்தான் ஐ.நா. பொதுச் சபை ஜூலை 25ஆம் தேதியை நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. பல நாடுகள் இதற்காகச் செய்வது தண்ணீரைப் பூட்டி வைப்பது இல்லை. எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று மக்களுக்குத் தெளிவாகக் காட்டுகிறார்கள்.

இது குடிநீர் நீர்த்தேக்கம், ஆட்களை விட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டபோது சொன்னார்கள். நியாயமான கவலைதான். ஆனால் சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கமும் குடிநீருக்கானதுதான். அங்கே கரையோரம் மரப்பலகை நடைபாதை இருக்கிறது, கயாக் படகு ஓட்டுகிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக்குக் குடிநீர் தரும் குவாபின் நீர்த்தேக்கத்தில் குளிப்பதற்கும் காலை நனைப்பதற்கும்கூடத் தடை, ஆனால் நடக்கலாம், குறித்த இடங்களில் மீன் பிடிக்கலாம். நியூயார்க் நகரத்துக் குடிநீர்த் தேக்கங்களில் துடுப்புப் படகை இறக்குவதற்கு முன் நீராவியால் கழுவ வேண்டும், வேறு நீர்நிலையிலிருந்து சிப்பி இனங்கள் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக. விதி கடுமையாக இருக்கிறது, வாயிலும் திறந்திருக்கிறது. எங்களுக்கும் அப்படி ஒரு விதி போதும். குளிக்கக் கூடாது என்றால் குளிக்க மாட்டோம்.

ஆகவே, பிரதான வாயிலைக் காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்துக்குத் திறந்துவிடுங்கள். அங்கே ஒரு காவலரும், கயிறு கட்டிய மிதவை வளையங்களும் இருந்தால் போதும். ஷட்டர் பக்கத்து ஓட்டையை முள்கம்பியால் தைக்காமல், ஏற முடியாத கம்பித் தடுப்பாகவே போட்டு, அந்தப் படிக்கட்டையும் மூட வேண்டும். ஏற்கனவே மூன்று முறை கம்பியால் தைத்தார்கள், மூன்று முறையும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நல்ல வழி ஒன்று திறந்திருந்தால் ஓட்டை போட வேண்டிய தேவையே யாருக்கும் இருக்காது.

அப்புறம் அறிவிப்புப் பலகை. இப்போது இருப்பதில் ‘அபாயம்’ என்ற சொல்லில் முதல் எழுத்து அழிந்து ‘பாயம்’ மட்டும் நிற்கிறது. புதிய பலகையில் அன்றைய நீர்மட்டம், எத்தனை கன அடி திறக்கிறார்கள், அடுத்து எப்போது திறக்கப் போகிறார்கள் என்பதைத் தினமும் சாக்பீஸால் எழுதினாலே போதும். இந்தக் கணக்கெல்லாம் தங்கள் அலுவலகப் பதிவேட்டில் அன்றாடம் ஏறுவதுதானே. திறப்பதற்கு முன் சங்கு ஒலிக்க வேண்டும், அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பதும் பலகையில் இருக்க வேண்டும்.

நீலப்பச்சைப் பாசி பற்றியும் தனியாக ஒரு வரி வேண்டும். வெயில் காலத்தில், காற்று ஒதுக்கும் மூலையில், பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் ஒரு படலம் நிற்கும். அதில் நச்சு இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பட்டால் தோலில் தடிப்பு வரலாம், வாய்க்குள் போனால் வயிற்றைப் புரட்டும், குடித்த நாய்கள் செத்துப்போவதும் உண்டு. கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு போகாது. சாக்கடை கலப்பதாலும் வயல்களிலிருந்து உரம் வழிந்து வருவதாலும்தான் அது இப்படிப் பெருகுகிறது, கரையில் நடப்பவர்களால் இல்லை. படலம் தெரிகிற வாரத்தில் அந்த மூலையை மட்டும் கயிறு கட்டி மூடினால் எல்லோரும் புரிந்துகொள்வார்கள்.

பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் திட்டுகளுக்கு எதிரே உள்ள கரையை மூடி வைப்பதற்கு நாங்கள் முழுமனதோடு சம்மதிக்கிறோம். அறுந்த தூண்டில் நரம்பு காலில் சுற்றி, பறக்க முடியாமல் தவித்த ஒரு நாரையைப் பார்த்திருக்கிறேன். அதைப் பிரித்தெடுக்க அரை மணி நேரம் ஆனது. தூண்டில் போடுபவர்கள் நரம்பைப் போட்டுவிட்டுப் போக வாயிலில் குழாய்த் துண்டால் செய்த ஒரு குப்பைத் தொட்டி வையுங்கள், வாரம் ஒருமுறை அதைக் காலி செய்யும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

செலவு அதிகம் என்றால் முதலில் வாயிலும் பலகையும் மட்டுமாவது ஆகட்டும், மூன்று மாதம் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம். அதற்கு முன்பாக, ஒரு காலை நேரத்தை ஒதுக்கி, பூட்டிய வாயிலிலிருந்து அந்தப் பாசிப் படிக்கட்டு வரை எங்களோடு தாங்கள் நடந்து வர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்த நாள் என்று சொன்னால் போதும், ஆறு மணிக்கு வாயிலில் காத்திருப்போம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கரையில் நடக்கும் குடும்பங்கள் சார்பில்