ஏழு மணி நேரம் என்றால் ஏழு மணி நேரம்

மேட்டூர்ப் பக்கம் காவிரிக் கரையோரம் மாரத்தான் நடத்திய குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் முடிவுப் பட்டியலில் என் எண்ணுக்கு நேரே நேரம் இல்லை. ‘ஓட்டத்தை முடிக்கவில்லை’ என்று போட்டிருக்கிறீர்கள். நான் முடித்தேன். நான் வந்து சேர்ந்தபோது நீங்கள்தான் அங்கே இல்லை.

சேலம் அம்மாப்பேட்டையில் மாவு மில் வைத்திருக்கிறேன். வயது 51. ஒன்பது ஆண்டுகளாக ஓடுகிறேன். ஓடுகிறேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பவர்கள் உண்டு. சைக்கிளில் வரும் பால்காரர் என்னை முந்தும்போது மணி அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டார். கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம், அதுதான் என் வேகம். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. இதைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலவே பரப்பிய முறை இது. மில்லில் நான் கற்றதும் இதைத்தான்: கல்லை இறுக்கி வைத்து அவசரமாக அரைத்தால் மாவு சூடேறி வாடை மாறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் அடிவாரத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதையில் ஏறுவோம். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் நடை, நேர்ப்பாதையில் ஓட்டம். மலையில் பழகிய காலுக்கு ஆற்றங்கரையின் சமதளம் வரப்பிரசாதம் என்று நம்பித்தான் உங்களிடம் பணம் கட்டினேன். அதற்கு முன் ஒன்றைத் தேடிப் படித்தேன்: நேர வரம்பு. ஏழு மணி நேரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். 42.195 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்தில் முடிக்க, கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 57 விநாடி எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது தாராளம். மில்லின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தில் இதைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தேன்.

காலை 5.30க்குக் கிளம்பினோம். ஜனவரிப் பனி, ஆற்றில் தண்ணீர் ஓடும் சத்தம், இருட்டில் யாரோ முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே ஓடியது எல்லாம் நன்றாக இருந்தது. குறை சொல்ல வந்தவள் என்பதற்காக நல்லதை மறைக்க மாட்டேன்: முதல் இருபது கிலோமீட்டர் ஏற்பாடு பிரமாதம். தண்ணீர், ஆரஞ்சுச் சுளை, கடலை மிட்டாய், தப்பு அடித்து உற்சாகப்படுத்திய பிள்ளைகள். என்னைப் போன்றவர்கள் போய்ச் சேர்ந்தபோதும் அந்தப் பிள்ளைகள் கை ஓயாமல் அடித்தார்கள்.

பத்து மணிக்கு மேல்தான் வேறு ஓட்டம். ஆற்றங்கரை என்றால் குளுகுளுவென்று இருக்கும் என்பது கரையில் உட்கார்ந்து பார்ப்பவர்களின் எண்ணம். ஒருபுறம் தண்ணீரில் பட்டு முகத்தில் அடிக்கும் வெயில், மறுபுறம் சூடேறும் பாறை. காற்றில் ஈரம் இருப்பதால் வேர்வையும் சட்டென்று உலராது. மூன்றரை மணி நேரத்தில் முடித்தவர் ஒன்பது மணிக்கே பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இந்த வெயில் அவருக்குத் தெரியவே தெரியாது.

34ஆவது கிலோமீட்டர் தண்ணீர் மேசைக்கு நான் வந்தபோது மணி 10.36. உங்கள் வரம்புப்படி அந்த இடத்துக்கு 11.08 வரை வரலாம். ஆனால் மேசை மடங்கிப் போய் குட்டி யானை வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே மிதிபட்ட காகிதக் கோப்பைகள், ஆரஞ்சுத் தோல், அதில் மொய்த்த ஈ. கல்லூரிப் பையன் ஒருவன் கையில் இரண்டு தண்ணீர்ப் பொட்டலம் வைத்திருந்தான். தனக்கும் தன் நண்பனுக்கும் எடுத்து வைத்தது போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான்; அப்புறம் மனம் கேட்காமல் ஒன்றை நீட்டினான். “எல்லாம் முடிந்துவிட்டது ஆன்டி, வண்டியில் ஏறிக்கொள்கிறீர்களா?” என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. விடிவதற்கு முன்பிருந்து நிற்கிறான், அவனுக்கு யாரும் சாப்பாடு கொடுத்ததாகத் தெரியவில்லை. கோபமெல்லாம் அவனுக்குப் பத்தரை மணி என்று சொல்லி அனுப்பியவர்கள் மேல்தான்.

உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு செய்தி. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. அவர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் என்ற உப்புச் சத்தின் அளவு குறைந்திருந்தது. ஓடும்போதே நிறையக் குடித்து எடை கூடியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். அதாவது எங்களுக்கு. வேகமாக ஓடுகிறவருக்கு மூச்சு வாங்குவதற்கே நேரம் போதாது. எங்களுக்கோ ஒவ்வொரு மேசையிலும் நின்று இரண்டு கோப்பை வெறுந்தண்ணீர் குடிக்க நேரம் இருக்கிறது. அதனால் எங்களுக்குத் தண்ணீரை அள்ளி ஊற்றினாலும் போதாது. அளவான தண்ணீரும் கொஞ்சம் உப்பும் வேண்டும். இரண்டும் அதிகம் தேவைப்படும் கடைசிப் பத்து கிலோமீட்டரில்தான் நீங்கள் கடையைக் கட்டினீர்கள்.

அன்று எனக்கு உப்பு கொடுத்தவர் அணைக்குப் பக்கத்தில் மீன் வறுக்கும் அக்கா. கல்லில் மசாலா தடவிய மீனைப் புரட்டிக்கொண்டிருந்தவர், நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, “என்ன அக்கா, முனியப்பனுக்கு வேண்டுதலா?” என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, அணைக்கட்டு முனியப்பன் கோயிலுக்கு ஆடும் சேவலுமாகக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. நியாயமான கேள்விதான். இல்லை, பந்தயம் என்றேன். “பந்தயமா? அது காலையிலேயே முடிந்துவிட்டதே!” என்றவர், எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கி, மீன் கழுவ வைத்திருந்த கல்லுப்பில் ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டு, சொம்பில் கலக்கிக் கொடுத்தார். மீன் வாடை அடித்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் அவ்வளவு ருசியாக எதையும் குடித்ததில்லை. காசு வாங்கவில்லை.

முடிவுக் கோட்டுக்கு வந்தபோது மணி 12.12. ஏழு மணி நேரம் முடிய இன்னும் 18 நிமிடம் பாக்கி. காற்று ஊதிய வளைவு சுருங்கித் தரையில் கிடந்தது. காலடி பட்டதும் நேரம் பதியும் பாயைச் சுருட்டி ஒருவர் தோளில் வைத்திருந்தார். அதை ஒரு நிமிடம் விரிக்கச் சொன்னேன். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டோம் என்றார். பதக்கம் தீர்ந்துவிட்டதாம், கூரியரில் வருமாம். மாவு மில்லுக்கு இன்று வரை எந்தக் கூரியரும் வரவில்லை.

ஷிசோ கனகுரி என்ற ஜப்பானியர் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெயில் தாங்காமல் பாதியில் ஒதுங்கி, யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். 1967இல் சுவீடன்காரர்கள் அவரை அழைத்து வந்து மீதியை ஓடி முடிக்க வைத்தார்கள். அவருடைய நேரம்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி. அந்த .3 விநாடியைக்கூட அவர்கள் விடவில்லை. நான் கேட்பது 18 நிமிடம்.

உங்கள் பக்கத்திலும் சங்கடங்கள் இருக்கும் என்று தெரியும். சாலைக்கு எத்தனை மணி வரை காவல்துறை அனுமதி, கோயில் கூட்டம், பத்து மணிக்கே கிளம்பத் துடிக்கும் சிறப்பு விருந்தினர். அனுமதி 11.30 வரைதான் என்றால் ஆறு மணி நேரம் என்று அச்சிடுங்கள். பாஸ்டனிலும் ஆறு மணி நேரம்தான். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் என் காலுக்கு ஆகாது, நான் வேறு ஊர் பார்த்துக்கொள்வேன். ஏழு என்று எழுதிப் பணம் வாங்கிக்கொண்டு ஐந்து மணி நேரத்தில் மூட்டை கட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. மில்லில் எடைக்கல்லை மாற்றி வைத்தால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று முன்கூட்டியே சொல்கிறவர்களை 4.30க்கு அனுப்பிவிடுங்கள். நெற்றி விளக்கு நாங்களே கொண்டு வருகிறோம். கூட வர ஒரு சைக்கிள் போதும். உங்கள் மேசைகளுக்குக் கூடுதல் நேரம் ஆகாது, 11.30க்குள் நாங்களும் வந்து நிற்போம், புகைப்படத்தில் கூட்டமும் நிறைவாகத் தெரியும். கடைசி மூன்று மேசைகளில் ஒரு கிண்ணம் உப்பு வையுங்கள், கல்லுப்பே போதும். அங்கே நிற்கும் பிள்ளைகளுக்குப் பத்து மணிக்கு இட்லிப் பொட்டலம் போகட்டும்.

பட்டியலில் 6 மணி 42 நிமிடம் என்று திருத்திவிடுங்கள். சாட்சிக்குக் கைக்கடிகாரப் பதிவு இருக்கிறது, மீன் கடை அக்கா இருக்கிறார். அடுத்த ஆண்டுப் பதிவு திறக்கும்போது 4.30 தொடக்கம் உண்டா இல்லையா என்று முதல் வரியிலேயே போடுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் ஏழெட்டுப் பேரும் பணம் கட்டுவோம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் நேரம் இல்லாத ஒருத்தி,
அம்மாப்பேட்டை, சேலம்