அண்ணனுக்கு, விமான ஷெட்டிலிருந்து

ஓஷ்கோஷ், விஸ்கான்சின், அமெரிக்கா

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகந்தானே? குளச்சல்ல கடல் எப்படி இருக்கு? நான் சுகம்.

"சனி ஞாயிறு பூரா பக்கத்து வீட்டுக் கிழவரு ஷெட்டுலயே கிடக்கியே, கூலி உண்டா?"ன்னு போன்ல கேட்டீங்க. கிடையாது. அவர் சொந்தமா ஒரு விமானம் கட்டுறாரு; கூலிக்கு ஆள் வச்சா அந்த வேலை அரசாங்கக் கணக்குல வராது. பாதிக்கு மேல வேலையைப் படிக்கணும், பறக்கணும்ங்கிற ஆசையில செய்றவங்கதான் செஞ்சிருக்கணும். அப்பதான் 'எக்ஸ்பெரிமென்டல்', அதாவது சோதனை வகை விமானம்னு சான்று கிடைக்கும். ஏறுற இடத்துல அந்தப் பேரையும் பெருசா எழுதி வைக்கணும்.

அவர் கட்டுறது ஆர்வி-7, ரெண்டு பேர் உட்காருற அலுமினிய விமானம். ஓரிகான்ல இருக்கிற வேன்ஸ் கம்பெனி பெட்டி பெட்டியா பாகங்களை அனுப்பும், மிச்சம் நம்ம பாடு. தகடுகளைச் சேர்த்து அடிக்கிற ஆணி, ரிவெட்னு பேரு, அது மட்டும் பத்தாயிரத்துக்கு மேல. இறக்கைக்குள்ள தோள்வரை கையை விட்டு, இரும்புக் கட்டையை ரிவெட் வால்ல அழுத்திப் பிடிக்கிறது நான். வெளியே காத்துத் துப்பாக்கியோட அவர். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. நான் "ம்"னு சொன்னாத்தான் அடிப்பாரு. நசுங்குன வால், ரிவெட் விட்டத்துல ஒண்ணரை மடங்கு அகலமும் பாதி உயரமுமா உட்காரணும். இல்லேன்னா துளைச்சு எடுத்துட்டு வேற போடணும். ஒத்தையா இதைச் செய்ய முடியாது. அதனால யார் ஷெட்டுல வேலை நடந்தாலும் மத்தவங்க போய் நிப்பாங்க.

போன வாரம் ஒருத்தர் வந்தாரு, தானே விமானம் கட்டிப் பறக்கிறவரு. சொந்தமா விமானம் கட்டுறவங்களுக்கு ஈ.ஏ.ஏ.ன்னு ஒரு சங்கம், 1953-ல பால் போபரெஸ்னி மில்வாக்கியில தொடங்குனது. அதுல காசு வாங்காம வீடு தேடி வந்து வேலையைப் பாத்துச் சொல்ற ஆட்கள் உண்டு. வந்தவர் காபியைக்கூடத் தொடல, டார்ச்சோட விமானத்தோட வாலுக்குள்ள தலையை விட்டாரு. நட்டை முறுக்கிச் சரிபாத்ததும் அது மேல ஆரஞ்சு மையில கோடு போடணும்; ஒண்ணுல கோடு இல்ல. கிழவருக்கு முகம் வாடும்னு நெனச்சேன். அவரோ கையைப் பிடிச்சுக் குலுக்கி நன்றி சொல்றாரு! நம்ம ஊர்ல அடுத்தவன் வள்ளத்துல குறை சொல்லிட்டு வீடு போய்ச் சேர முடியுமா? ஆகாசத்துல நிறுத்தி இறங்கிப் பாக்க முடியாதுல்லா, அதான் இந்தப் பொறுமை.

ஜூலைக் கடைசியில இங்க அந்தச் சங்கத்தோட பெரிய விமானத் திருவிழா நடக்கும், 1970-லருந்து இந்த ஊர்லதான். ஃபிஸ்க்ங்கிற இடத்துக்குத் தண்டவாளத்தைப் பாத்துக்கிட்டே வரிசையா பறந்து வருவாங்க. தரையில நின்னு வழிகாட்டுறவர் விமானத்தோட நிறத்தைச் சொல்லி ரேடியோவுல கூப்பிட்டா விமானி பதில் பேசக்கூடாது, இறக்கையை ஆட்டிக் காட்டணும். ராத்திரி இறக்கைக்குக் கீழேயே கூடாரம். பக்கத்துக் கூடாரக்காரனுக்கு ஸ்பேனர் வேணும்னா, கேட்டு முடிக்கிறதுக்குள்ள நாலு கை நீளும். அண்ணி செஞ்ச முந்திரிக்கொத்து அங்கதான் காலியாச்சு. இன்னும் கேக்குறாங்க, யாராவது வந்தா கொடுத்து விடுங்க.

வண்டி முடிஞ்சாலும் முதல்ல வழக்கமா 25 இல்ல 40 மணி நேரம் சோதனைப் பறப்பு. அப்போ சும்மா சவாரிக்கு யாரையும் ஏத்தக் கூடாது. இதை அம்மைகிட்ட சொல்லுங்க, நிம்மதியா இருப்பா. அதுக்குப் பிறகு முதல் சீட்டு எனக்குத்தான்னு கிழவர் சொல்லியிருக்காரு. கடிதத்தை வாசிச்சுக் காட்டும்போது அந்த வரியை விட்ருங்க.

அன்புடன்,
உங்க தம்பி