மழைநீர் டேங்க் வாங்குமுன்: பெஸ்தாரி ஜெயா பள்ளி, கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப்பள்ளி வாரியத்தினருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் கோயில் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

தண்ணீர் வெட்டைச் சமாளிக்க மழைநீர் டேங்க் வைக்கப் பலர் முனைந்திருக்கிறீர்கள். நல்ல காரியம். கூடவே, செம்பனை (எண்ணெய்ப் பனை) மில் புகையால் அமில மழை பெய்கிறது, அந்தத் தண்ணீர் எதற்கும் ஆகாது என்ற பேச்சும் ஓடுகிறது. தண்ணீர்ச் சோதனையும் செம்பனை மண்ணும் எங்கள் தொழில் என்பதால் எழுதுகிறோம்.

செம்பனை மில்லின் கொதிகலனில் எரிவது பழ நாரும் கொட்டை ஓடும்; அவற்றில் கந்தகம் குறைவு. கரும்புகையில் கண்ணுக்குத் தெரிவது கரித்தூள். கொடியில் காயும் துணிக்கும் நெஞ்சுக்கும் அது கேடுதான், அதற்காகப் புகார் கொடுங்கள். மழையைப் புளிக்க வைப்பவையோ கண்ணுக்குத் தெரியாத கந்தக டைஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும். நிலக்கரி மின்நிலையம், எண்ணெய் எரிக்கும் தொழிற்சாலை, லாரி எஞ்சின் ஆகியவற்றிலிருந்து கிளம்பி, காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகக்கூடியவை. மலேசியாவில் 2021 ஏப்ரலில் யூரோ 5 தர டீசல் கட்டாயமானபோது, டீசலில் கந்தக வரம்பு பத்து லட்சத்துக்கு 500 பங்கிலிருந்து 10 ஆக இறங்கியது. புகைபோக்கியைத் திட்டுவதைவிட இப்படிப்பட்ட மாற்றம்தான் மழையைத் திருத்தும்.

மாசில்லாத மழையின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும்) சுமார் 5.6. பெட்டாலிங் ஜெயா மழை 4.4 வரை இறங்கியதுண்டு. கேட்கப் பயமாக இருக்கும். கணக்குப் போட்டால், அப்படிப்பட்ட மழைநீர் 1000 லிட்டரில் உள்ள அமிலத்தைச் சரிக்கட்ட 2 கிராம் சுண்ணாம்புக்கல் போதும். தோல் எரியாது, முடி கொட்டாது. ஆபத்து உலோகத்தில் இருக்கிறது. தகரக் கூரையின் துத்தநாகப் பூச்சு, பித்தளைக் குழாய், ஈயப் பற்றவைப்பு எல்லாவற்றையும் இந்த நீர் மெல்ல அரிக்கும். தொட்டியடியில் நீலப்பச்சைக் கறை படிந்தால் செம்பு கரைகிறது என்று அறியுங்கள். எனவே இந்த நீர் கழுவ, துடைக்க, செடிக்கு ஊற்ற மட்டும். குடிக்கவோ அன்னதானச் சமையலுக்கோ வேண்டாம்.

நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழைதான் மிக மோசம். புகைமூட்டக் காலத்தில் கூரையில் படிந்தது முழுவதும் அதில் இறங்கும். 100 சதுர மீட்டர் கூரைக்கு முதல் அரை மில்லிமீட்டர், அதாவது 50 லிட்டர், டேங்குக்குள் போகக்கூடாது. டேங்குக்கு முன்னால் 6 அங்குல பிவிசி குழாயை 3 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிறுத்தினால் அவ்வளவும் அதில் அடங்கும். அடிமூடியில் 3 மில்லிமீட்டர் துளை, அதற்கு மேல் சல்லடை. இலைச்சேறு துளையை அடைத்தால் குழாய் காலியாகாது. அடுத்த மழையின் அழுக்கு நேரே டேங்குக்குப் போகும். பெரும்பாலான இடங்களில் கெடுவது இந்தத் துளைதான். வாரம் ஒரு முறை மூடியைக் கழற்றிக் கழுவ ஒருவரை நியமியுங்கள்.

டேங்குக்குள் கழுவிய சுண்ணாம்புக்கல் சல்லி ஒரு கிலோவை வலைப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு மாதிரியான நீற்றுச் சுண்ணாம்பைக் கொட்டாதீர்கள். 1000 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டித் தூளே பிஎச்சை 9க்கு மேல் ஏற்றிவிடும்.

மாணவர்கள் அளந்து பார்க்க விரும்பினால் லிட்மஸ் தாள் உதவாது; பிஎச் மீட்டர் வேண்டும். மழைநீரில் உப்புகள் மிகக் குறைவு. அதனால் மீட்டரை பிஎச் 4, 7 உள்ள கரைசல்களில் சரிபார்த்து, முள் நிலைக்கச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். பாத்திரத்தைச் சோப்புப் போடாமல் வாலைநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) கழுவி, மழை தொடங்கிய பிறகு திறந்தவெளியில் வையுங்கள். முன்கூட்டியே வைத்தால் தூசியும் பறவை எச்சமும் விழுந்து, அமிலமே இல்லாதது போலக் காட்டும்.

பள்ளித் தோட்டமோ சொந்தச் செம்பனையோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 2400 மில்லிமீட்டர் மழை, பிஎச் 4.4 என்றே வைத்தாலும், ஒரு எக்டருக்கு அது தரும் அமிலத்தை 48 கிலோ சுண்ணாம்புக்கல் ஆற்றிவிடும். அதே எக்டரில் 136 மரங்களுக்கு, மரத்துக்கு 2 கிலோ அமோனியம் சல்பேட் உரம் போட்டால் ஏறத்தாழ 300 கிலோ தேவைப்படும். மண் புளிக்கிறது என்றால் வானத்தைப் பார்க்குமுன் உர மூட்டையைப் பாருங்கள். மட்டை மஞ்சளித்தால் மண்ணைச் சோதித்து டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) இடுங்கள்.

டேங்குக்கு விலை கேட்கும்போது, முதல் மழை ஒதுக்கும் குழாய் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதையும், குழாயிலும் பொருத்திகளிலும் ஈயம் உண்டா என்பதையும் ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.